தேனீக்களுக்கு நாட்டுச் சர்க்கரை

வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று எங்கள் காட்டுப்பாக்கம் குடியிருப்பில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். மொட்டை மாடியில் நான் வளர்க்கும் தேனீக்களையும் விடவில்லை. வேம்பு பூக்கும்வரை அவற்றுக்குத் தீனி போதாதே என்று, மாசியில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

நான்காம் நாள், கீழ்வீட்டுக்காரர் மாடியில் உலர்த்திய வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பயந்துபோய், பெட்டி விற்ற சென்னீர்குப்பத்துக்காரரை வரவழைத்தேன்.

மூடியைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாக்கா, நாட்டுச் சக்கரையா வெச்சே? அதுங்களுக்கு ஒத்துக்காதுக்கா. வயித்தால போய்கினு கீது பாரு. சட்டைல இருக்கற கறையும் அதான். வெள்ள சக்கரதான் கரைச்சு வெக்கணும்."

மாலையில் குடியிருப்போர் கூட்டம். கீழ்வீட்டுக்காரர் சட்டையை விரித்துக் காட்டி, "பெட்டி இன்னிக்கே போகணும்" என்றார்.

எழுந்து நின்றேன். "தப்பு என்னுது சார். நல்லதுன்னு நெனச்சுத் தப்பான தீனி வெச்சுட்டேன். உங்களுக்குப் புதுச் சட்டை வாங்கித் தரேன். ஆனா பெட்டி எங்கயும் போகாது."

நான் செய்த தவறுக்கு அவை ஏன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்?

பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. பூ இல்லாத நாட்களில் இப்போது வெள்ளைச் சர்க்கரைதான் வாங்குகிறேன். பையில் மறைக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிக்கொண்டு படியேறுகிறேன்.