நான் தாண்டிப் போன வள்ளம்

முப்பது வருடம் போதகராக இருந்தவன் வன்மம் வைப்பானா என்று கேட்பீர்கள். நான் வைத்தேன்.

யுத்தம் முடிந்த பிறகும் நாங்கள் வன்னிக்குத் திரும்பாமல், இடம்பெயர்ந்து வந்த மீனவ ஊரான கண்டக்குழியிலேயே தங்கிவிட்டோம். யார் எந்தக் கரையில் வலை போடுவது என்ற தகராறில் என் மூத்த மகனின் வலைகளை யோசேப்பு வெட்டிப் போட்டான். அவன் என் சபைக்காரன். மகன் தொழிலில்லாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் பொலிசுக்குப் போகவில்லை; என் நாளுக்காகக் காத்திருந்தேன்.

மீன்பிடிப் பருவம் தொடங்கும் காலையில் வள்ளம் வள்ளமாகக் கை வைத்து, சொந்தக்காரனின் பெயர் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஜெபிக்காத வள்ளத்தில் ஒருவனும் ஏறமாட்டான். ஊரே பார்க்க யோசேப்பின் வள்ளத்தைத் தாண்டி நடந்தேன். உள்ளுக்குள் இனித்தது.

"பாஸ்டர், என்ர வள்ளம்..." என்றான். நான் திரும்பவில்லை.

"அப்பா!"

என் மகன் அந்த வள்ளத்தைப் பிடித்தபடி நின்றான். "நானும் இதிலதான் போறன். வலையை வெட்டினதுக்குத் தானே தொழில் தரோணும் எண்டு இவர்தான் கூப்பிட்டவர். உங்களிட்டச் சொன்னா விடமாட்டியள்."

திரும்பி வந்து கை வைத்தேன். மகனின் பெயரை மட்டும் சொல்லி ஜெபித்தேன். யோசேப்பின் பெயரை வாயில் வரவிடவில்லை. நான் அதை விட்டது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

ஆனாலும் கரையில் நின்ற எல்லோரையும்விட உரத்து "ஆமென்" சொன்னவன் அவன்தான்.

வலையை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த ஆமெனைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.