சின்னவரின் நாற்காலி

யார் வீட்டுக்குப் போனாலும் குசுமி நவோதகா காலணியைக் கழற்றியதும் குனிந்து, அங்கே கிடக்கிற எல்லாருடைய காலணிகளையும் வாசல் பார்க்கத் திருப்பி அடுக்குவார். ஏழு வருடமாகப் பார்க்கிறேன். "பெரியவர் ரத்தம்ல!" என்று கிழவிகள் உருகுவார்கள். அதையே நான் செய்தால், "பாவம், ஆபீஸ் பையன்" என்பார்கள்.

நாங்கள் ஒரே வயது, ஒரே பள்ளி. அவருடைய தாத்தாவும், பிறகு அப்பாவும் எங்கள் மலைத்தொகுதியின் மாகாண மன்ற உறுப்பினர்கள்; அப்பாவைப் பெரியவர் என்றும் இவரைச் சின்னவர் என்றும் ஊர் சொல்லும். என் வீட்டில் நெல்வயல். பனிக்காலத்தில் அப்பா சாலையில் பனி அள்ளுவார். பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். முடித்ததும் பெரியவரிடம் செயலாளரானேன். எங்கே மதகு உடைந்தது, எந்தப் பாலத்துக்கான மனு தூங்குகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். சின்னவரோ டோக்கியோவில் விளம்பர நிறுவனத்தில் இருந்தார்.

மூன்றாம் வருடம், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், பெரியவர் மாரடைப்பில் இறந்தார். அவருடைய ஆதரவாளர் சங்கம் கூடியது; இறுதிச்சடங்குக்கு வந்த சின்னவரும் இருந்தார். நிற்க விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர் கமேயாமா. நான் கை தூக்கினேன்.

"நீயா? நல்லாத்தான் பேசுவ தம்பி. ஆனா சுவரொட்டியில ஒரிஹரான்னு உன் பேரைப் போட்டா, ஊறுகாய்க் கடை விளம்பரமான்னு கேப்பாங்க!"

கமேயாமா கிளப்பிய சிரிப்பு அடங்குமுன் மகளிர் வரிசையில் என் அம்மா எழுந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"என் மாமனார் செத்தப்ப இடுப்பளவு பனி. பெரியவர் நடந்தே வந்து ஊதுபத்தி வச்சாரு. அதுக்கு நாங்க என்ன திருப்பிச் செஞ்சோம்? எங்க வீட்டு மூணு ஓட்டும் சின்னவருக்குத்தான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், கைய இறக்கு."

அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. கையை இறக்கினேன்.

சின்னவரே நிற்பதென்று முடிவானபின், வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவர் என் தோளைப் பிடித்தார்.

"ஒரிஹரா, இது உனக்கு வந்திருக்கணும். மதகு எது மடை எதுன்னுகூட எனக்குத் தெரியாதுடா. கூடவே இரு. அடுத்த நகர மன்றத் தேர்தல்ல உன்னை நிறுத்துறது என் பொறுப்பு."

நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

பிரசாரத்தில் நான் எழுதிக் கொடுத்த உரையைப் பாதியில் மறந்து, மழையில் தலை வணங்கி நின்றார். "அவங்கப்பாவுக்கும் பேச்சு வராது" என்று ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாலாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஒன்றும் தெரியாதவர் என்று அவரைத் திட்ட முடிந்த வரையில் என் பொறாமைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவர் கற்றுக்கொண்டார். இரண்டாம் முறையும் ஜெயித்து, விவசாயக் குழுவின் துணைத்தலைவர் ஆனார். போன மாதம் ஒரு மதகைப் பார்த்து, அதன் அடித்தளம் அரித்திருப்பதை எனக்கு முன்பே அவர் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நன்றாகச் செய்வதையா நான் வெறுக்கிறேன்?

இதற்குள் நகர மன்றத் தேர்தல் இரண்டு முறை வந்துபோனது. முதல் முறை, "கமேயாமா தன் மருமகனுக்குக் கேட்டுட்டாரு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். இரண்டாம் முறை பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். கொடுத்த வாக்கு அவரிடமே நிற்கிறது; அடுத்த தேர்தலுக்கு இன்னும் மூன்று வருடம்.