மார்கழியில் கொழும்புக்கு இரண்டு பேர்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்டாட்டியை அழைத்துவர உலகத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. பூ வாங்கிக்கொண்டு போகலாம். பெரியவர்கள் நாலு பேரை முன்னால் விட்டுப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கலாம். காலில்கூட விழலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? நான் மட்டும்தான் கொழும்புக்கு உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்தேன். அதுவும் மார்கழி மாதத்தில்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம். சேக்காட்டில் நான் கேஸ் லைட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஆவடியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் எட்டு விளக்குகள்தான் போகும். ஆகவே பஞ்சாங்கம் எனக்குச் சோறு போடும் புத்தகம். முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். ஆவணியும் தையும் அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கும். மார்கழிப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஊரில் உள்ளவர்களுக்கு அந்த வெள்ளைக்கு அர்த்தம், நல்ல காரியம் எதையும் தொடாதே என்பது. எனக்கு அது லீவு. வருஷம் பூராவும் மற்றவர்கள் கல்யாணத்துக்கு வெளிச்சம் காட்டிவிட்டு, அந்த ஒரு மாதம் விளக்குகளைக் கோணியில் சுற்றி வைத்துவிட்டுச் சும்மா இருப்பவன் நான். பஞ்சாங்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு அது சொல்வது மட்டும் விளங்காமல் போனது.

அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆவணியில் அவள் தங்கைக்கு நசரத்பேட்டையில் கல்யாணம். விளக்கும் என்னுடையது, மாப்பிள்ளை முறுக்கும் என்னுடையது. பந்தியில் யாரோ ஒரு பெரியம்மா, “இன்னாப்பா, ஆறு வருசம் ஆச்சே, ஒரு புள்ள குட்டி இல்லியா?” என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான், “ஏன் இல்லாம? எட்டு கீது. தெனம் தொடைச்சி, எண்ணெ ஊத்தி, காத்து அடிச்சி வளக்கறேன். எட்டும் என் ஒழைப்பு. உங்க பொண்ணு பங்குக்குத்தான் இன்னும் ஒண்ணும் வர்ல” என்றேன். பந்தியே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. சாம்பார் வாளியோடு பின்னால் நின்றிருந்தவள் அவள்தான் என்பது அடுத்த இலைக்குப் போனபோதுதான் தெரிந்தது. அந்த இலைக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை.

மறுநாள் காலையில், “நாலு நாள் இருந்துட்டு வரேன்” என்றாள். தீபாவளி வந்து போயிற்று. கார்த்திகைத் தீபமும் போயிற்று.

தனியாக இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே சோறு வடித்து, நானே குறை சொல்லி, நானே பதிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தமாஷ் எல்லாவற்றையும் சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். சுவர் நல்ல சுவர், ஆனால் சிரிக்காது. ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், வீடு மிகவும் இருட்டாக இருப்பதாகப்பட்டு, ஒரு கேஸ் லைட்டை எடுத்து ஏற்றி நடுவீட்டில் தொங்கவிட்டேன். தெருவே வெளுத்துவிட்டது. பத்துப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

“இன்னா அண்ணாத்தே, விசேசமா?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“அண்ணி வந்துட்டாங்களா?”

“வர்ல.”

“அப்போ எதுக்கு லைட்டு?” என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். அவ்வளவு வெளிச்சத்தில் ஒரே ஒரு பாய், ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு நான். உடனே விளக்கை அணைத்துவிட்டேன். வெளிச்சத்தைப் பொல்லாதது என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன். என் பிழைப்புக்கு நல்ல நினைப்பு!

அதற்கு அடுத்த வாரம்தான் ஆவடி ரயிலடியில் அந்த நோட்டீசைப் பார்த்தேன். எழும்பூரில் சாயங்காலம் போட் மெயிலில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே கப்பல். அதற்கு அடுத்த நாள் காலையில் கொழும்பு. போக வர ஒரே சீட்டு. படித்தவுடன் எனக்குள் ஒரு விளக்கு பற்றிக்கொண்டது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்களை ஒருவருக்கும் தெரியாது. ‘எத்தனை வருசம் ஆச்சு, ஏன் இல்லை’ என்று கேட்க அங்கே பெரியம்மாக்கள் கிடையாது. ஒரு வாரம் அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் நடக்கலாம். நானும் யாரையும் சிரிக்க வைக்க வேண்டியதில்லை.

சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, “எந்தத் தோட்டம்?” என்றார்.

“தோட்டம் இல்லீங்க. சும்மா பாத்துட்டு வர.”

“சும்மாவா?” என்று கேட்டவர், எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக் கப்பல் ஏறுகிறவன் என்றால் தேயிலைத் தோட்டத்துக் கூலி, இல்லையென்றால் கடனுக்கு ஓடுகிறவன். பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் என்று ஒரு ஜாதியே அப்போது கிடையாது.

பந்தல் போடுகிற என் கூட்டாளியிடம் சொன்னேன். எந்தக் கல்யாணத்திலும் அவன் பந்தலுக்குக் கீழேதான் என் விளக்கு தொங்கும். அவனாவது புரிந்துகொள்வான் என்று பார்த்தால், “கொளும்புலயா? யாருக்கு மாமே கல்யாணம்? பந்தல் நம்ம கிட்ட சொல்லிட்டாங்களா?” என்றான். இல்லையப்பா, நானும் அவளும் ஊர் சுற்றிப் பார்க்க என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சொன்னதில் அவன் அவ்வளவு சிரித்த தமாஷ் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. தமாஷே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

அவனை விட்டுத்தள்ளினேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பயணத் திட்டத்தை எழுதினேன். முதல் நாள் எழும்பூர். இரண்டாம் நாள் தனுஷ்கோடிக்கு முந்திய மண்டபம் ஸ்டேஷனில், கப்பல் ஏறுகிறவர்களுக்கு நோய் உண்டா என்று டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், அப்புறம் கப்பல். மூன்றாம் நாள் கொழும்பு, ஓய்வு. நாலாம் நாள் கடற்கரை. ஐந்தாம் நாளுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மறுபடியும் கடற்கரை என்று எழுதினேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்து நசரத்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாமனார் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். “வாங்க மாப்ளே” என்றவர், உடனே வானத்தைப் பார்த்தார். “மார்கழில பொண்ண அனுப்ப மாட்டமே. அது தெரியாத ஆளா நீங்க?”

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அந்த மாதத்தில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கே அனுப்ப மாட்டார்கள். நானோ கடல் தாண்டக் கேட்க வந்திருக்கிறேன். இருந்தாலும் வந்த காலை வைத்துக்கொண்டு எங்கே போவது?

“ஊட்டுக்கு இல்ல மாமா. கொளும்புக்கு.”

கயிறு நின்றது. “தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி எவனாச்சும் புட்சிகினானா உங்கள? தொழில் படுத்துடுச்சா?”

“ஐயோ மாமா, ஒரு வாரம். பாத்துட்டு வந்துருவோம்.”

“அங்க இன்னா கீது பாக்க?”

“கடலு.”

“அது பட்ணத்துலயே கீதே! மாட்டு வண்டி கட்னா பொழுது சாயறதுக்குள்ள பாத்துரலாமே!”

உள்ளேயிருந்து அவள் வந்தாள், கையில் பாதி உரித்த மொச்சை முறத்தோடு. இளைத்திருந்தாள், அல்லது நான்தான் நாலு மாதமாகச் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ. வந்து சுவரோரமாக உட்கார்ந்து, உரிப்பதை விட்ட இடத்தில் தொடங்கினாள். மாமனார் பெரிய மனிதர். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மாடு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பத்திரிகையைப் பிரித்துப் படித்தேன். எழும்பூர், மண்டபம், கப்பல், கடற்கரை, மறுபடியும் கடற்கரை. முடித்த பிறகு, அவள் தலையைத் தூக்காமல், “அங்க நம்மள தெரிஞ்சவங்க யாருனா கீறாங்களா?” என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனது. பதில் நாக்கு நுனியில் இருந்தது: யாரும் இல்லை, உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அதற்காகத்தான் போகிறோம். அவள் விரல்கள் ஒரு மொச்சையைப் பிடித்தபடி நின்றிருந்தன. அவள் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

“ஒருத்தனும் கெடையாது! என் பழைய தமாசெல்லாம் அங்க புத்தம் புதுசு. மொதல்லேந்து ஆரம்பிக்கலாம்!” என்றேன், சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அவள் மொச்சையை முறத்தில் போட்டாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நிலைப்படியைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னாள்:

“ஒரு டிக்கெட்டா எடுத்துக்க.”