சீனாவில் நான் சும்மா இருந்த ஆறு மாதம்

இன்று சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் மாட்டிக்கொண்டேன்.

"சைனாவுல உன் வீட்டுக்காரரு யூனிவர்சிட்டில பாடம் எடுக்கிறாரு, சரி. ஆறு மாசமா நீ அங்க சும்மாதானே இருந்த?"

பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரரே வீடியோ காலில் வந்தார்.

"சுதா, வாஷிங் மெஷின் ஓட மாட்டேங்குது. பட்டன்ல எல்லாம் சைனீஸ்ல எழுதியிருக்கு!"

அங்கே காய்கறிக்காரப் பெண்ணோடு மல்லுக்கட்டியே நான் சீனம் கற்றேன். வீட்டுக்காரர் இன்னும் 'நன்றி'யைத் தாண்டவில்லை. போனைப் பட்டனுக்கு நேரே காட்டச் சொல்லி, படித்துச் சொன்னேன். மெஷின் ஓடியது.

ஆன்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம், தனியா எவ்ளோ கஷ்டப்படுறாரு! எப்பம்மா திரும்பிப் போற?"

நான் பெங்களூர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. இதில் யார் பாவம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆன்ட்டியும் இதைப் படிப்பார், தைரியமாகவே சொல்லுங்கள்.