அந்த மசோதாவை நான் படித்த விதம்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பஸ்ஸில் கண்டக்டர் சரியாகச் சில்லறை கொடுத்தாலும் இரண்டு தடவை எண்ணுவேன். எண்பதுகளில் திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

ஒருநாள் ஆபீசுக்குத் தபாலில் ஒரு மசோதாவின் நகல் வந்தது. டூரிங் கொட்டகைக்கு லைசென்ஸ், மாட்டுச் சந்தைக்குக் கட்டணம், தெருநாய், லாரியில் மணல் என்று கூட்டுக்கு நறுக்கிய காய் மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிரிவு. வாய்ப்பேச்சில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள், சட்டம் வந்த மூன்று மாதத்துக்குள் தாலுகா ஆபீசில் பெயர் பதியலாம். பதிந்தவர்களை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது.

அப்பா அப்படித்தான் பயிர் செய்தார். துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. வருஷாவருஷம் விதைக்கு எடுத்து வைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, தாம்பாளத்தில் வைத்து, பஸ் ஏறி விழுப்புரத்திலிருந்த நிலத்துக்காரர் வீட்டுக்குப் போவார். அவர் ஒரு பிடி அள்ளித் திரும்பத் தட்டில் போட்டால் அந்த வருஷத்துக்குக் குத்தகை உறுதி.

மசோதா சட்டமானதும் வக்கீலே என்னைக் கூப்பிட்டார்.

“உங்கப்பாவை ஜல்தியா போய்ப் பேரைக் கொடுக்கச் சொல்லும்மா.”

அந்த நிலத்துக்காரரின் வழக்குகளைப் பார்ப்பவரும் இவர்தான். தன் கட்சிக்காரருக்கு நஷ்டம் வருகிற யோசனையை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? தெருநாய்க்கும் குத்தகைக்கும் என்ன சம்பந்தம்? நல்ல சட்டமென்றால் தனியாகக் கொண்டு வந்திருப்பார்களே, இப்படி நடுவில் ஒளித்து வைப்பார்களா?

அப்பா கேட்டார்: “பக்கத்து நிலத்துல குத்தகைக்குப் பயிர் பண்றவன் பேரு கொடுக்கப் போறானாம். நீ படிச்ச பொண்ணு, சொல்லும்மா. கொடுக்கலாமா?”

“வேணாம்பா. யாரார் பயிர் பண்ணிக்கினு இருக்காங்கன்னு கணக்கெடுத்துக்கினு, அப்புறம் காலி பண்ணச் சொல்வாங்க. வக்கீலும் அவங்க ஆளுதான்.”

அப்பா பெயர் கொடுக்கவில்லை. பக்கத்து நிலத்தில் பயிர் செய்தவரும் அதே நிலத்துக்காரரின் குத்தகைதாரர்தான். அவர் பெயர் பதிந்தார். அடுத்த விதைப்புக்கு அவருடைய தட்டை நிலத்துக்காரர் தொடவேயில்லை. அப்பாவின் தட்டிலிருந்து மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளினார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு வருஷம் கழித்து நிலத்துக்காரர் நிலத்தை விற்றார். வாங்கியவர் வேலி போடக் கல்தூணோடு வந்து இறங்கினார். அப்பா தாலுகா ஆபீசுக்கு ஓடினார்.

“பேரு இல்லியேப்பா. அப்ப வுட்டுட்டு இப்ப வந்தா என்னா பண்றது?” என்றார்கள்.

பக்கத்து நிலத்தின் வரப்பு வரைக்கும்தான் தூண் நட்டார்கள். அதைத் தாண்ட அவர்களால் முடியவில்லை.

வக்கீல் எங்களுக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார். வேலையை விடும்வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அம்மா அழுதபோது, “நான்தான் வேணாம்னு இருந்துட்டேன்” என்றார் அப்பா. ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. மனதில் வைக்காமல் அப்படியே விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பக்கத்து நிலத்துக் குத்தகைதாரர் வீட்டுக்குப் போனார், படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்க.