காரணம் எழுதாத அட்டை

அவருக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் 'காரணம் அண்ணன்' என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியும். வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன், எது மக்கர் பண்ணினாலும் அவர் கடைக்குத்தான் போகும். சரியாகித் திரும்பும்போது அதில் நூல் கட்டிய ஒரு சின்ன அட்டை தொங்கும். 'கோளாறு' என்று ஒரு வரி, 'காரணம்' என்று ஒரு வரி. ஒரு வாஷிங் மெஷின், 'காரணம்: ஐயாவின் இடது கால் சாக்ஸ்' என்ற அட்டையோடு, அந்தச் சாக்ஸையும் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. அந்த ஐயா ஒரு மாதம் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை. அண்ணன் அவ்வளவு பிடிவாதக்காரர். இருபத்தாறு வருஷத்தில் காரணம் எழுதாமல் ஒரு பொருளும் அவர் கடைப்படி தாண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில்தான் அது நடந்தது.

அவர் மனைவி நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அவ்வளவு வேகம். கடைக்குப் போனால் இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினாள். கால் நிற்கவில்லை. அவ்வளவுதான். நாலு டாக்டர், கட்டுக் கட்டாக ஸ்கேன், எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா மட்டும் மழுப்பாமல் சொன்னார்: "காரணம் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி நடிக்க எனக்கு மனசு வரல." சக்கர நாற்காலியில் இருந்தபடியே மனைவி அவருக்கு நன்றி சொன்னாள். இவருக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, இருவரும் சேர்ந்து பிரார்த்தனை செய்வது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அன்றோடு இவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒரு மிக்ஸியைத் திறந்தாகூட காரணம் கிடைக்குது. உன் கடவுளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா?" என்று கத்தினார்.

அவளோ தினமும் ஆறு மணிக்கு இவருடைய நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாகப் பிரார்த்தனை செய்தாள். இவர் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு, காதில் விழாத மாதிரி பாவனை செய்வார். அந்தக் காலி நாற்காலியில் போய் உட்காரத்தான் மனசு வரும். பாழாய்ப்போன வீம்பு விட்டால்தானே!

இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது ரிட்டயர்டான தபால்காரரின் டேபிள் ஃபேன். சுற்றவில்லை என்று கொண்டுவந்தார். அண்ணன் பிரித்தார், துடைத்தார், பூட்டினார். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. ஏன் நின்றது, இப்போது ஏன் சுற்றுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று நாள் தராமல் வைத்திருந்தார்.

"அதான் ஓடுதே தம்பி! குடுங்க, வீட்ல வெந்து போறேன்" என்றார் தபால்காரர்.

"காரணம் தெரியாம தர மாட்டேன் ஐயா."

"காரணத்தை வச்சு விசிறிக்கவா போறேன்?" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் ஃபேனை வீட்டுக்கே தூக்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். மனைவி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நல்லா ஓடுறதை எதுக்குங்க அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சாகணும்."

"தெரியலன்னா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பேச்சு ஃபேனைத் தாண்டிவிட்டது என்று இருவருக்குமே தெரிந்தது. மேஜையில் கிடந்த வெற்று அட்டை ஒன்றை அவள் எடுத்து ஏதோ எழுதினாள். தன் நாற்காலியின் கைப்பிடியில் அதைக் கட்டி அவர் பக்கம் திருப்பினாள். 'கோளாறு: இரண்டு கால்.' காரணம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அடியில், 'கடவுளிடம் விட்டிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.'

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"நானும் கேட்டேங்க. திட்டிக்கூடக் கேட்டேன்" என்றாள். "காரணம் சொல்லல. ஆனா நான் அழுதப்பல்லாம் அவர் பக்கத்துல இருந்தார், அது எனக்கு நிச்சயமா தெரியும். காரணம் தெரியாம நான் இருந்துடுவேன். நீங்க பக்கத்துல இல்லாம இருக்கிறதுதான் என்னால முடியல."

அண்ணன் ஃபேனைப் பூட்டினார். 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதிக் கட்டி, தபால்காரர் வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவர் அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?" என்றார்.

ஆறு மணிக்கு அண்ணன் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"கடவுளே, உம்மேல எனக்குக் கோவம் தீரல. ஆனா இவளை உங்கிட்டதான் விட்டிருக்கேன். வேற யார்கிட்ட விடுவேன்?" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதெல்லாம் ஒரு கோவமா? நான் திட்டினதைக் கேட்டிருந்தா காதைப் பொத்தியிருப்பீங்க."

அந்த அட்டை இன்னும் கைப்பிடியில்தான் தொங்குகிறது. காரணம் என்ற வரியில் அவர் எதுவும் எழுதவில்லை. நூல் நைந்தால் மட்டும், புது நூல் மாற்றிக் கட்டுகிறார்.