சாக்பீஸ் தூசு

வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்து, என் கணவர் வாய் திறந்து பேசுவது ஒரு பழைய ஜீப் எஞ்சினைப் பற்றி மட்டும்தான்.

“ஓடினாப் பாப்போம்” என்பேன்.

இன்று குலசேகரம் லேத் பட்டறையில் அந்த எஞ்சினின் இரும்பு பிளாக்கில் மண்ணெண்ணெய் பூசித் துடைத்தார்கள். மேலே தூவச் சுண்ணப்பொடி இல்லை. என் கைப்பையிலிருந்த சாக்பீஸைக் கொடுத்தேன், பொடித்துத் தூவினார்கள்.

“டீச்சரே, வெடிப்பு இருந்தா எண்ண கசிஞ்சு கோடு தெரியும். பின்ன சிலிண்டரக் கடைஞ்சு போர் போட்டுப் பிரயோஜனம் இல்ல” என்றார் லேத்காரர்.

காத்திருந்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது.

“நல்ல பிளாக்கு. போர் போட்டிரலாம்.”

கணவர் என்னைப் பார்த்தார். “ஏட்டி, நீ எதுக்கு மூச்சப் பிடிச்சிட்டு நிக்கே?”

“சாக்பீஸ் தூசு எனக்கு ஆகாது.”

இத்தனை வருடம் கரும்பலகை முன் நின்றவள் சொல்கிறேன். நம்பியிருப்பாரா?